செக் புத்தகம் யாரிடம்? மருத்துவச் சங்கத்தை நடத்த நான்கு வழிகள்

எங்கள் சங்கத்தின் பைலாவை, அதாவது சங்க விதிகளைத் திருத்த ஐந்து பேர் கொண்ட குழு ஒன்றைப் போட்டிருக்கிறார்கள். நானும் அதில் இருக்கிறேன். மருத்துவத்தில் ஒரு சிறப்புத் துறைக்கான மாவட்டச் சங்கம், உறுப்பினர்கள் 300 சொச்சம், தனியாகப் பதிவு செய்தது. ஊர் எது, துறை எது என்பது வேண்டாம். இதைப் படிக்கிற பத்து ஊர் டாக்டர்களாவது "இது நம்ம சங்கம்தானே" என்று நினைக்கப்போகிறார்கள்.

இரண்டு வருடம் முன்பு மாநில மாநாட்டை நாங்கள் எடுத்து நடத்தினோம். நன்றாகவே நடந்தது, செலவு போகப் பணமும் மிஞ்சியது. அந்த மிச்சம் எங்கே என்று போன ஜெனரல் பாடியில் ஓர் இளம் டாக்டர் எழுந்து கேட்டார். மேடையில் இருந்தவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். யாரும் எடுத்துவிடவில்லை. மாநாட்டுக்கென்று தனியாகத் திறந்த வங்கிக் கணக்கில் பணம் பத்திரமாக இருக்கிறது. ஆனால் கையெழுத்துப் போட வேண்டிய இருவரில் ஒருவர் துபாய்க்கு வேலைக்குப் போய்விட்டார். கையெழுத்தை மாற்ற மாநாட்டுக் குழுவின் தீர்மானம் வேண்டும் என்கிறது வங்கி. மாநாட்டுக் குழுவோ மாநாடு முடிந்த மறுவாரமே கலைந்துவிட்டது.

அன்று தொடங்கிய பேச்சு தலைமைப் பண்பு, ஜனநாயகம், இளைஞர்களுக்கு வாய்ப்பு என்று எங்கெங்கோ சுற்றியது. கேட்டது பணத்தைப் பற்றி. ஆனால் மூன்று மணி நேரமும் தலைவரை எப்படித் தேர்ந்தெடுப்பது என்பதையே பேசினோம். குழுவின் மேசைக்கு இப்போது நான்கு யோசனைகள் வந்திருக்கின்றன. இருக்கிற வரிசை முறையே தொடரலாம். எல்லாப் பதவிக்கும் தேர்தல் வைக்கலாம். வெளியாட்களும் உள்ள ஒரு மேற்குழுவை அமைக்கலாம். சம்பளம் கொடுத்து முழுநேர நிர்வாகி ஒருவரை வைத்துக்கொள்ளலாம்.

முதலில் சட்டம் எதற்கெல்லாம் இடம் தருகிறது என்று பார்த்துவிடலாம். 1975ஆம் ஆண்டின் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம்தான் எங்களைக் கட்டுப்படுத்துவது. செயற்குழுவில் குறைந்தது மூன்று பேர் இருக்க வேண்டும், அவர்கள் பதவிக்காலம் மூன்று ஆண்டுக்கு மேல் போகக் கூடாது, திரும்பத் தேர்ந்தெடுக்கப்படலாம். நிர்வாகிகள் மாறினால் படிவம் 7இல் மாவட்டப் பதிவாளருக்குத் தெரிவிக்க வேண்டும். பைலாவைத் திருத்துவதற்குச் சிறப்புத் தீர்மானம், அதாவது 21 நாள் முன்னறிவிப்பு கொடுத்துக் கூட்டிய கூட்டத்தில் நான்கில் மூன்று பங்கு ஆதரவு.

இதைப் படித்தபோதுதான் எனக்கே உறைத்தது. ஓராண்டுப் பதவிக்காலம் என்று சட்டத்தில் எங்குமே இல்லை. அது நாமாக வைத்துக்கொண்டது.

எங்கிருந்து வந்திருக்கும் என்று ஊகிப்பது கடினமில்லை. பிரிட்டிஷ் மெடிக்கல் அசோசியேஷன் (பி.எம்.ஏ.) 1832இல் வூஸ்டர் நகரில் வேறு பெயரில் தொடங்கியது. அதன் இலங்கைக் கிளையாக 1887இல் பிறந்ததுதான் இன்றைய இலங்கை மருத்துவச் சங்கம். நம் இந்திய மருத்துவச் சங்கம் (ஐ.எம்.ஏ.) 1928இல் கல்கத்தாவில் தொடங்கியது. ஆண்டுக்கு ஒரு தலைவர், கழுத்தில் பதக்கம், பதவியேற்பு உரை எல்லாம் அந்த வழி வந்த பழக்கங்கள். ஆனால் பி.எம்.ஏ.வில் தலைவர் பதவி இன்று மரியாதைக்கு உரிய ஒன்று மட்டுமே. அரசோடு சம்பளம் பேசுவதும் போராட்டத்தை முன்னின்று நடத்துவதும் கவுன்சில் தலைவரின் வேலை. நாம் பதக்கத்தை வாங்கிக்கொண்டோம், சால்வையையும் சேர்த்துக்கொண்டோம், அந்த இரண்டாவது நாற்காலியைக் கப்பலிலேயே விட்டுவிட்டோம்.

சரி, யோசனைகளுக்கு வருவோம்.

வரிசை முறை எல்லோருக்கும் தெரிந்தது. செயற்குழு உறுப்பினராக நுழைந்தால் அடுத்து இணைச் செயலாளர், பொருளாளர், செயலாளர், துணைத் தலைவர் என ஆண்டுக்கு ஒரு படி. கடைசியில் தலைவர். எல்லாம் "ஒருமனதாக". இதைக் கேலி செய்வது எளிது. நானே செய்திருக்கிறேன். குழுவில் இருக்கும் மூத்தவர் ஒருவர் அதற்குச் சொன்ன பதில் என் வாயை அடைத்தது. "தம்பி, நம்ம ஊர்ல நம்ம துறைக்கு மொத்தம் எத்தனை பேர்? ராத்திரி ரெண்டு மணிக்குக் கேஸ் கைமீறிப் போனா யாரைக் கூப்பிடுவே? எலக்‌ஷன்ல உன்னை எதிர்த்து நின்னவரைத்தானே?" சென்னையில் இருப்பவர்களுக்கு இது பெரிய விஷயமாகத் தெரியாது. சின்ன ஊரில் சங்கம் என்பது, ஒருவர் கிளினிக்கை மூடிவிட்டு வெளியூர் போனால் இன்னொருவர் அவர் நோயாளியைப் பார்த்துக்கொள்ளும் ஏற்பாடும்தான். அதைக் கெடுத்துக்கொண்டு ஜனநாயகம் வேண்டுமா என்று அவர் கேட்டதில் நியாயம் இருக்கிறது.

ஆனால் இந்த முறையின் ஓட்டை அதிகம் தெரிவது பொருளாளர் நாற்காலியில்தான். எங்களுக்குச் சித்திரையில் பதவியேற்பு. ஜெனரல் பாடித் தீர்மானத்தின் நகல், பதிவாளர் அலுவலகத்தில் படிவம் 7, அங்கிருந்து முத்திரையோடு திரும்பும் தாள், வங்கியில் புதியவர்களின் கே.ஒய்.சி. என்று எல்லாம் முடிந்து புதுப் பொருளாளர் தன் முதல் செக்கில் கையெழுத்திடும்போது ஆடி பிறந்திருக்கும். அதுவரை பழைய பொருளாளர் வீட்டுக்குச் செக் புத்தகத்தோடு ஆள் அனுப்புவோம். நடுவில் ஒரு மாநாடு. மார்ச்சில் கணக்கு முடிப்பு. ஆடிட்டரின் கேள்விகள் வரும்போது அந்தப் பொருளாளர் செயலாளராகிவிட்டிருப்பார். பதில் சொல்ல வேண்டிய புதியவருக்குப் போன வருடம் நடந்தது எதுவும் தெரியாது.

போன வருடம் இதனால் நாங்கள் ஜி.எஸ்.டி.யில் மாட்டத் தெரிந்தோம். சேவைகளுக்கு ஆண்டு வரவு 20 லட்சத்தைத் தாண்டினால் பதிவு செய்ய வேண்டும். மாநாட்டுக் கணக்கும் சங்கத்தின் பான் எண்ணில்தான் ஓடுகிறது. ஸ்டால் வாடகையும் ஸ்பான்சர் தொகையும் அங்கே போய்க்கொண்டிருக்க, சங்கப் பொருளாளர் தன்னிடம் இருக்கும் சின்னக் கணக்கை மட்டும் பார்த்து "நமக்கு அவ்வளவெல்லாம் வராது" என்று நம்பிக்கொண்டிருந்தார். பொய் சொல்லவில்லை, பாவம். அவருக்குத் தெரியவே தெரியாது.

வரிசையில் யார் நிற்க முடிகிறது என்பது இன்னொரு கேள்வி. எங்கள் கூட்டங்கள் இரவு எட்டரைக்கு, ஓட்டலில், சாப்பாட்டோடு. சிலருக்குச் சாப்பாட்டுக்கு முன்னாலும் கொஞ்சம் நிகழ்ச்சி உண்டு. வீட்டில் பத்தாம் வகுப்புப் பிள்ளையை வைத்துக்கொண்டு ஒரு பெண் டாக்டர் ஆறு வருடம் விடாமல் இதற்கு வந்தால்தான் தலைவர் ஆகலாம். அரசு மருத்துவமனையில் இருப்பவருக்கு மூன்றாவது படியில் டிரான்ஸ்ஃபர் வந்துவிடும். யாரும் யாரையும் தடுப்பதில்லை; கூட்டத்தின் நேரமே வடிகட்டிவிடுகிறது. பி.எம்.ஏ.வுக்குள் பெண்கள் நடத்தப்படும் விதம் பற்றிப் புகார்கள் எழுந்தபோது வெளியிலிருந்து ஒரு வழக்கறிஞரை விசாரிக்கச் சொன்னார்கள். டாஃப்னி ராம்னியின் அந்த அறிக்கை 2019இல் வந்தது. பழைய சகாக்களின் வட்டம் எப்படி ஆட்களை வெளியே நிறுத்துகிறது என்பதை அது மறைக்காமல் பேசியது. நம் சங்கங்களில் அப்படி ஒரு விசாரணையை யார் கேட்பது?

இரண்டாவது, தேர்தல். குழுவில் இளையவர்கள் இருவரும் இதைத்தான் கேட்கிறார்கள். எல்லாப் பதவிக்கும் வேட்புமனு, ரகசிய வாக்கு, செல்போனுக்கு வரும் ஓ.டி.பி. மூலம் ஆன்லைனில். வெளியூரில் இருப்பவரும் இரவுக் கூட்டத்துக்கு வர முடியாதவரும் வாக்களிக்கலாம் என்பது பெரிய லாபம். ஜெனரல் பாடிக்கு வரும் நாற்பது பேர் முந்நூறு பேருக்காக முடிவெடுப்பது நிற்கும்.

ஆனால் முதல் தடையே உறுப்பினர் பட்டியல். எங்கள் பட்டியலில் காலமானவர்கள் இருக்கிறார்கள், பத்து வருடம் முன்பு மாற்றிய செல் நம்பர்கள் இருக்கின்றன, ஒரே டாக்டர் இரண்டு இனிஷியலில் இருமுறை இருக்கிறார். இதைச் சரிசெய்யாமல் ஓ.டி.பி. தேர்தல் வைத்தால் தோற்றவர் நேரே நீதிமன்றத்துக்குப் போவார், போக வேண்டியதும்தான். அப்புறம் எந்தக் கல்லூரி, எந்த பேட்ச், எந்த ஆள் என்று அணி சேரும். பக்கத்து மாவட்டத்தில் ஒரு தேர்தலுக்கு வேட்பாளர்கள் வைத்த விருந்துகளின் எண்ணிக்கையைக் கேட்டால், செலவு எந்த மருந்துக் கம்பெனியின் கணக்கில் ஏறியது என்ற கேள்வி தானாக வரும்.

தேர்தலை முழுதாக ஒதுக்கவும் எனக்கு மனமில்லை. 2010இல் மத்திய அரசு இந்திய மருத்துவக் கவுன்சிலைக் கலைத்து ஓர் ஆளுநர் குழுவை உட்கார வைத்தது நினைவிருக்கும். 2020 செப்டம்பரில் தேசிய மருத்துவ ஆணையம் வந்தபோது, டாக்டர்கள் தேர்ந்தெடுத்து அனுப்பியவர்களின் இடம் பெரும்பாலும் அரசு நியமித்தவர்களிடம் போயிருந்தது. அது சட்டப்படி அமைந்த ஒழுங்குமுறை அமைப்பு, எங்களுடையது நாலு பேர் சேர்ந்து நடத்தும் சங்கம், இரண்டும் ஒன்றல்ல. இருந்தாலும், தன் வீட்டைத் தானே பெருக்கிக்கொள்ளாத அமைப்புக்கு வெளியிலிருந்து ஒருவர் விளக்குமாற்றோடு வருவார் என்பதை நம் தலைமுறை டாக்டர்கள் கண்ணால் பார்த்துவிட்டோம்.

மூன்றாவது யோசனையைக் கொண்டுவந்தவர் லண்டனில் சில வருடம் வேலை பார்த்துவிட்டு வந்தவர். செயற்குழுவுக்கு மேல் அறங்காவலர் குழு மாதிரி ஒன்று. அதில் ஆடிட்டர், வழக்கறிஞர், ஓய்வுபெற்ற அதிகாரி, முடிந்தால் நோயாளிகள் தரப்பிலிருந்து ஒருவர். மருத்துவ விஷயங்களைச் செயற்குழு பார்க்கும், பணத்தையும் சட்டத்தையும் மேற்குழு பார்க்கும். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. அமெரிக்க மெடிக்கல் அசோசியேஷனின் (ஏ.எம்.ஏ.) 21 பேர் கொண்ட நிர்வாகக் குழுவில்கூட டாக்டர் அல்லாத பொது உறுப்பினர் ஒருவருக்கு இடம் உண்டு.

ஆனால் நான் அவரிடம் லண்டனின் ராயல் காலேஜ் ஆஃப் பிசிஷியன்ஸ் கதையைத்தான் திருப்பிக் கேட்டேன். எட்டாம் ஹென்றி 1518இல் சாசனம் கொடுத்த டாக்டர்கள் அமைப்பு. ஃபெல்லோக்கள் எனப்படும் மூத்த உறுப்பினர்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுக்கும் தலைவர் உண்டு, கவுன்சில் உண்டு, வெளியாட்களும் அமர்ந்த அறங்காவலர் குழுவும் உண்டு. 2024 மார்ச்சில் பிசிஷியன் அசோசியேட்டுகள், அதாவது டாக்டர் படிப்பு இல்லாமல் டாக்டர்களின் மேற்பார்வையில் நோயாளிகளைப் பார்ப்பவர்கள், பற்றி முடிவெடுக்கச் சிறப்புப் பொதுக்கூட்டம் கூட்டினார்கள். உறுப்பினர்களிடம் எடுத்த கருத்துக்கணிப்பை அங்கே காட்டிய விதம் பெரிய பிரச்சினையானது. உறுப்பினர்கள் நம்பிக்கை இழந்தார்கள், தலைவர் ஜூனில் விலகினார். பிறகு என்ன தவறு நடந்தது என்று பார்க்க கிங்ஸ் ஃபண்ட் என்ற வெளி நிறுவனத்தைக் கூப்பிட வேண்டியிருந்தது. இத்தனை அடுக்குகள் இருந்தும் அங்கே நடந்தது. உறுப்பினருக்குக் காட்டும் தாளில் முழு விவரமும் இருக்கிறதா என்பதை எந்த அடுக்கும் தானாகப் பார்த்துக்கொள்ளாது. அதைப் பார்ப்பது இன்னார் வேலை என்று பெயர் போட்டு எழுத வேண்டும்.

தவிர, 300 பேர் சங்கத்துக்கு மேற்குழு என்பது ஆட்டோவுக்கு ஏர்பேக் வைப்பது போல. ஊரில் ஆடிட்டரும் வழக்கறிஞரும் கிடைப்பார்கள். ஆனால் அவர்களும் நம் நோயாளிகளாகவோ தலைவரின் ரோட்டரி நண்பர்களாகவோ இருப்பார்கள். வெளியாள் என்று சொல்ல ஊரில் யார் மிச்சம்?

நான்காவது, சம்பளத்துக்கு ஆள். அமெரிக்காவில் பெரிய மருத்துவச் சங்கங்களின் நடைமுறை இது. 1847இல் தொடங்கிய ஏ.எம்.ஏ.வில் தலைவர் ஓராண்டுதான் இருப்பார். ஆனால் அதற்கு முந்தைய ஆண்டு வருங்காலத் தலைவராகவும், அடுத்த ஆண்டு முன்னாள் தலைவராகவும் நிர்வாகக் குழுவிலேயே உட்கார்ந்திருப்பார். தினசரி வேலைக்கு முழுநேரத் தலைமை நிர்வாகி தனியாக இருக்கிறார். பலன் தெரிந்ததுதான். கோப்பு ஓர் அலுவலகத்தில் இருக்கும், எந்த டாக்டரின் கார் டிக்கியிலும் இருக்காது.

இதிலும் பள்ளம் உண்டு. 1997இல் ஏ.எம்.ஏ. சன்பீம் என்ற வீட்டு உபயோகப் பொருள் கம்பெனியோடு ஓர் ஒப்பந்தம் போட்டது. கம்பெனியின் சில உடல்நலக் கருவிகளில் சங்கத்தின் பெயர் இருக்கும், சங்கத்துக்குப் பணம் வரும். பொருளைச் சோதித்துப் பார்க்கும் ஏற்பாடே அதில் இல்லை. டாக்டர்கள் கொதித்தார்கள். ஒப்பந்தத்திலிருந்து பின்வாங்கியதும் கம்பெனி வழக்குப் போட்டது. மறு ஆண்டில் 99 லட்சம் டாலர் கொடுத்து முடித்துக்கொண்டார்கள். தலைமை நிர்வாகி உட்படப் பெரிய அதிகாரிகள் வெளியேறினார்கள். சங்கத்துக்கு வருமானம் தேடுவதைச் சம்பளக்காரரின் கடமையாக ஆக்கிவிட்டு, எதை விற்கக் கூடாது என்று எழுதி வைக்காவிட்டால் இப்படித்தான் ஆகும்.

சம்பளக்காரர் இல்லாமலேயே நம்மிடமும் அந்த ஆபத்து இருக்கிறது. 2009 டிசம்பரில் மருத்துவக் கவுன்சில் தன் நடத்தை விதிகளில் 6.8 என்ற பிரிவைச் சேர்த்தது. மருந்துக் கம்பெனிகளிடம் பரிசு, பயணம், விருந்தோம்பல் வாங்குவதற்கான கட்டுப்பாடு அது. டாக்டர்களோடு டாக்டர் சங்கங்களையும் அது குறிப்பிட்டிருந்தது. 2016 பிப்ரவரியில் சங்கங்கள் என்ற சொல்லை மட்டும் எடுத்துவிட்டார்கள். ஆக, தனி டாக்டர் வாங்கினால் தவறு, அதே கம்பெனியிடம் சங்கம் வாங்கினால் அந்தப் பிரிவில் பேச்சே இல்லை. 2024 மார்ச்சில் வந்த மருந்து விற்பனை நெறிமுறை, மாநாட்டுச் செலவுக் கணக்கைக் காட்டும் சுமையைக் கம்பெனிகள் மீது வைத்தது. வெளிநாட்டில் நிகழ்ச்சி நடத்துவதைத் தடுத்தது. அதாவது கொடுத்தவர் எழுதிவைக்க வேண்டும். வாங்கிய நாம் எழுதிவைத்திருக்கிறோமா? மாநாட்டு ஸ்பான்சர் பட்டியலைத் தொகையோடு எங்கள் ஜெனரல் பாடியில் வைத்ததாக எனக்கு நினைவில்லை.

நான்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது எனக்குத் தோன்றியது, தலைவர் பதவியையும் அதிகாரம் உள்ள பதவிகளையும் ஒரே வரிசையில் கோத்ததுதான் சிக்கல் என்று. தலைவர் கூட்டத்துக்குத் தலைமை தாங்குகிறார், சால்வை போர்த்துகிறார், போர்த்திக்கொள்கிறார். முப்பது வருடம் இந்த ஊரில் நோயாளி பார்த்தவருக்கு ஒரு வருடம் அந்த மரியாதை கிடைக்கட்டும். அதற்குத் தேர்தல் எதற்கு? மூப்பு வரிசையே போதும். வேண்டுமானால் ஏ.எம்.ஏ. மாதிரி முந்தைய ஆண்டே அவர் பெயரை அறிவித்து உட்கார வைக்கலாம்.

தேர்தல் வேண்டியது செயலாளர், பொருளாளர், செயற்குழு உறுப்பினர்களுக்கு. தலைவர் நாற்காலிக்குப் போகும் படியாக இவை இல்லாமல் போனால் கௌரவத்துக்காக நிற்கும் கூட்டம் குறையும். பொருளாளராவதற்கு விருந்து வைக்கும் ஆளை நான் இன்னும் பார்க்கவில்லை. மூத்தவர் பயந்த பகையும் அவ்வளவு மூளாது. சட்டம் மூன்று ஆண்டு வரை அனுமதிக்கிறது. இந்த இரண்டு பதவிக்கும் அந்த மூன்றையும் எடுத்துக்கொள்ளலாம். ஆனால் இருவரும் ஒரே ஆண்டில் மாறக் கூடாது, ஒருவரே தொடர்ந்து இரண்டாம் முறை நிற்கக் கூடாது. மூன்று வருடம் ஒரே ஆளிடம் செக் புத்தகமா என்று மனைவி கேட்டாள். அவளும் டாக்டர்தான், வேறொரு சங்கத்தில். நியாயமான கேள்வி. அதனால் கணக்கு அறிக்கை மூன்று மாதத்துக்கு ஒருமுறை எல்லா உறுப்பினருக்கும் மின்னஞ்சலில் போக வேண்டும், ஸ்பான்சர் பெயரும் தொகையும் சேர்த்து. மேற்குழுவுக்குப் பதிலாக இரண்டு பேர் கொண்ட நிதிக் குழு. ஒருவர் வேறு மாவட்டத்து ஆடிட்டர், இன்னொருவர் எந்தப் பதவியிலும் இல்லாத உறுப்பினர்.

மாநாட்டுக் குழுவுக்குப் பட்ஜெட் உண்டு, தனிக் கணக்கு கிடையாது. எல்லாச் செக்கும் சங்கப் பொருளாளர் வழியாகத்தான். இதைச் சொன்னதும் குழுவில் கடும் எதிர்ப்பு. மாநாட்டை நடத்துபவர் பந்தல்காரருக்கு முன்பணம் கொடுக்கப் பொருளாளர் பின்னால் அலைய வேண்டுமா என்றார்கள். சின்னச் செலவுக்கு ஒரு வரம்பு வைத்துக்கொள்ளலாம். ஆனால் இந்த ஒன்றில் நான் இறங்கி வருவதாக இல்லை. எங்கள் மொத்தத் தலைவலியும் அங்கிருந்துதான் வந்தது.

முழுநேர நிர்வாகி வைக்க எங்களிடம் பணம் இல்லை. வாரத்துக்கு மூன்று அரைநாள் வரும் ஓர் அலுவலக உதவியாளர், வாடகைக்கு ஒரு சின்ன அறை, ஒரு இரும்பு பீரோ. உறுப்பினர் பட்டியலைச் சுத்தம் செய்வதுதான் அவருடைய முதல் ஆறு மாத வேலை. தேர்தல் அதற்குப் பிறகுதான். கூட்ட நேரம் ஞாயிறு காலைக்கு மாறுகிறது, இரவுச் சாப்பாடு போய் இட்லி பொங்கல். இதற்கு மட்டும் எதிர்ப்பு வெளிப்படையாக வரவில்லை, முகத்தில் தெரிந்தது.

நான்கில் மூன்று பங்கு கிடைக்குமா என்பது சந்தேகம்தான். தற்போதைய துணைத் தலைவருக்கு வரிசை கலையாது என்று சொல்லிவிட்டோம். செயலாளராக இருப்பவர்தான் வருத்தத்தில் இருக்கிறார். இரண்டு வருடத்தில் தலைவராவோம் என்று எண்ணியிருந்தவர், மூப்பின்படி பார்த்தால் இன்னும் ஒன்பது பேருக்குப் பின்னால். அவருக்கும் அவருக்குக் கீழே இருப்பவர்களுக்கும் பழைய வரிசைப்படியே ஒரு முறை விட்டுக்கொடுக்கலாமா என்பதில் குழு இரண்டாகப் பிரிந்து நிற்கிறது. நான் விட்டுக்கொடுக்கலாம் என்ற பக்கம். நோட்டீஸ் 21 நாள் முன்பு போக வேண்டும், வரைவு இன்னும் ஆடிட்டர் மேசையில். துபாய்க்காரர் பொங்கலுக்கு ஊருக்கு வருகிறாராம். அவரை நேரே வங்கிக்குக் கூட்டிப்போக ஏர்போர்ட்டுக்குக் கார் அனுப்பும் செலவைச் செயற்குழு ஒருமனதாக அனுமதித்திருக்கிறது.